கைதட்டலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? ஏமி வைன்ஹவுஸ் முதல் அவீச்சி வரை, இளம் வயதிலேயே இறந்த இசைக் கலைஞர்களின் மனப் போராட்டம்

2011 ஜூன் 18. செர்பியா தலைநகர் பெல்கிரேட். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் காத்திருக்க, மேடைக்கு வருகிறார் ஏமி வைன்ஹவுஸ். ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகளை வென்ற பாடகி. வயது 27. ஆனால் அன்று அவருக்குப் பாட்டின் வரிகளே நினைவுக்கு வரவில்லை. கால் தள்ளாடியது. எந்த நகரத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாதவர் போல இருந்தார். கூட்டம் கூச்சல் போட்டது. அந்தக் காணொளி இணையத்தில் பரவ, உலகமே பார்த்துச் சிரித்தது. சுற்றுப்பயணம் ரத்தானது. அடுத்த ஐந்தே வாரங்களில், ஜூலை 23 அன்று, லண்டன் கேம்டனில் உள்ள தன் வீட்டில் ஏமி இறந்து கிடந்தார்.

2023 ஜூன் 24. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா. மேடையில் ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டி. வயது 26. அவருக்கு டூரெட் என்ற நரம்பியல் பிரச்சனை உண்டு. தன்னை அறியாமல் தோளும் தலையும் வெட்டி வெட்டி இழுக்கும். அதோடு கடுமையான பதற்றமும் உண்டு. அன்று பாதிப் பாட்டில் குரல் நின்றுவிட்டது. இந்தக் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? அவர் விட்ட இடத்திலிருந்து அந்தப் பாட்டை அவருக்காகப் பாடி முடித்தது. மூன்று நாள் கழித்து, காலவரையறை இல்லாமல் ஓய்வெடுக்கப் போவதாக கபால்டி அறிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், அதே கிளாஸ்டன்பரிக்குத் திரும்பி வந்து பாடினார்.

இரண்டு பேருமே மேடையில் உடைந்துபோனவர்கள். ஒருவர் இன்று இல்லை. இன்னொருவர் ஓய்வெடுத்துத் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு பேரின் நோயும் சூழலும் வேறு வேறு. ஒரு கூட்டத்தின் கூச்சல்தான் ஒருவரைக் கொன்றது, இன்னொரு கூட்டத்தின் பாட்டுதான் ஒருவரைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், உடைந்துபோன ஒரு கலைஞரைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்வி இங்கே முக்கியமானது.

புகழ், பணம், ரசிகர்கள் என எல்லாம் இருந்தும் இத்தனை இசைக் கலைஞர்கள் இளம் வயதிலேயே இறப்பது ஏன்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"இனி என்னால் முடியாது" என்று சொன்ன அவீச்சி

இதைப் புரிந்துகொள்ள ஸ்வீடன் நாட்டு இசைக் கலைஞர் டிம் பெர்க்லிங்கின் கதை உதவும். உலகத்துக்கு அவரை அவீச்சி என்று சொன்னால்தான் தெரியும். பௌத்த நூல்கள் சொல்லும் ஆகக் கீழான நரகத்தின் பெயர் அது. விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்.

1989-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர் டிம். கூச்ச சுபாவம். பள்ளிக்கூட வயதில் தன் படுக்கையறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மெட்டுப் போடக் கற்றுக்கொண்டார். 2011-ல் 'லெவல்ஸ்', 2013-ல் 'வேக் மீ அப்'. இந்த இரண்டும் அவரை உலகின் முன்னணி டிஜேக்களில் ஒருவராக்கின. அப்போது வயது 23.

பிரச்சனை எங்கே தொடங்கியது? மேடை ஏறுவதற்கு முன் வரும் நடுக்கத்தைப் போக்க அவர் குடித்தார். இரவு விடுதிகள், விழாக்கள், விமானங்கள் என போன இடமெல்லாம் மது இலவசமாகக் கிடைத்தது. 2012 ஜனவரியில் கணைய அழற்சியால் நியூயார்க் மருத்துவமனையில் 11 நாள் படுத்திருந்தார். அப்போது வயது 22. மதுதான் காரணம். 2014 மார்ச்சில் பித்தப்பையையும் குடல்வாலையும் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். வலியைக் குறைக்கக் கொடுத்த மாத்திரைகள் இன்னொரு பழக்கமாக ஒட்டிக்கொண்டன. 2015-ல் ஸ்பெயினின் இபிசா தீவில் போதை மறுவாழ்வு சிகிச்சை எடுத்தார்.

இதற்கு நடுவிலும் கச்சேரிகள் நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் 800-க்கும் மேற்பட்ட மேடைகள். 2017-ல் வெளியான அவரைப் பற்றிய ஆவணப்படத்தில், இப்படியே போனால் செத்துவிடுவேன் என்று தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம் சொல்லியிருப்பதாக அவரே பேசுகிறார்.

2016 மார்ச்சில், இனி சுற்றுப்பயணம் கிடையாது என்று அறிவித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று இபிசாவில் கடைசி நிகழ்ச்சி. பிறகு பயணம் போனார், தியானம் செய்தார், புதுப் பாடல்கள் எழுதினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, 'அப்பாடா, தப்பித்துவிட்டார்' என்றுதான் தோன்றியது.

2018 ஏப்ரல் 20 அன்று ஓமன் தலைநகர் மஸ்கட்டில் அவர் இறந்தார். வயது 28. சில நாட்களில் குடும்பத்தினர் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். எதையும் கச்சிதமாகச் செய்ய நினைத்தவர், வேகமான வேலையும் பயணமும் அவரைக் கடும் மன அழுத்தத்தில் தள்ளின, தான் மாட்டிக்கொண்ட அந்த வியாபார இயந்திரத்துக்காகப் பிறந்தவர் அல்ல அவர் என்று அதில் சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையின் பொருள் என்ன, மகிழ்ச்சி என்றால் என்ன என்ற கேள்விகளோடு மல்லுக்கட்டியவர், அதற்கு மேல் முடியாமல் போனார் என்றது அந்தக் கடிதம்.

மேடையை விட்டு இறங்கிவிட்டால் மட்டும் மனம் சரியாகிவிடாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த களைப்பும் நோயும் இறங்கிய பிறகும் கூடவே வரும்.

அப்போ 27 வயதில் ஏதாவது சாபமா?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் '27 கிளப்' என்ற பெயரும் கூடவே வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1969-ல், ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்லினும் 1970-ல், தி டோர்ஸ் குழுவின் ஜிம் மோரிசன் 1971-ல் இறந்தார்கள். நான்கு பேருக்கும் வயது 27. நான்கு மரணங்களும் சரியாக இரண்டு ஆண்டுகளுக்குள். பிறகு 1994-ல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், 2011-ல் ஏமி வைன்ஹவுஸ். அவர்களுக்கும் அதே வயது.

உண்மையிலேயே 27 ஆபத்தான வயதா? ஏமி இறந்த அதே ஆண்டில் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1956-லிருந்து 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களைத் தந்த 1,046 கலைஞர்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 71 பேர் இறந்திருந்தார்கள். எந்த வயதில் என்று பார்த்தால், 27-ல் தனியாக எந்த உச்சமும் இல்லை. சாபம் எதுவும் கிடையாது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 20 முதல் 40 வயதுக்குள் இந்தக் கலைஞர்கள் இறக்கும் விகிதம், பிரிட்டனின் பொதுமக்களோடு ஒப்பிட்டால் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். அதாவது, 27 என்பது கட்டுக்கதை. இளம் வயது ஆபத்து என்பது உண்மை.

பின் ஏன் எல்லோருக்கும் 27 மட்டும் மனதில் நிற்கிறது? 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தேடியது. 27 வயதில் இறக்கும் வாய்ப்பு அதிகமில்லை. ஆனால் அந்த வயதில் இறந்தவர்கள் 26-லோ 28-லோ இறந்தவர்களைவிட அதிகம் பேசப்படுகிறார்கள், அதிகம் தேடப்படுகிறார்கள் என்று அது கண்டது. கட்டுக்கதை தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'விதி', 'சாபம்' என்று சொல்லிவிட்டால், தடுத்திருக்கலாமே என்ற கேள்வியே எழாது.

புகழ் மனதை என்ன செய்கிறது?

எல்லா மரணங்களும் ஒரே மாதிரி இல்லை. சிலருடையது தற்கொலை. ஏமி, ஜானிஸ் ஜாப்லின் போன்றவர்களுடையது மதுவாலும் போதைப் பொருளாலும் எதிர்பாராமல் நேர்ந்தது. ஒரே ஒரு காரணத்தை யாருடைய மரணத்துக்கும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தொழிலிலேயே இருக்கும் சில அழுத்தங்களைத் தெளிவாகப் பட்டியலிடலாம்.

1. தூக்கம்: நிகழ்ச்சி முடிவது நள்ளிரவில். அரங்கம் முழுக்க ஆர்ப்பரித்த பிறகு உடல் உடனே அடங்காது. இதயம் வேகமாகத் துடிக்கும், மூளை விழித்திருக்கும். தூங்கப்போகும் நேரத்தில் அடுத்த ஊருக்கு விமானம். அங்கே நேரம் வேறு. தூக்கக் குறைவு மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூட்டும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த உண்மை.

2. வேலை இடத்திலேயே மது: ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து மேசையில் மதுபாட்டில் வைத்தால் என்னவாகும்? இசைக் கலைஞர்களின் வேலை இடம் பெரும்பாலும் அப்படித்தான். மது தூக்கத்தை வரவைப்பது போலத் தோன்றும். ஆனால் பாதி இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் பதற்றத்தை அதிகமாக்கும். அதைப் போக்க மறுபடியும் குடி.

3. இல்லை என்று சொல்ல முடியாத நிலை: ஆல்பம் விற்று வந்த வருமானம் குறைந்து, கச்சேரிதான் பெரிய வருமானம் என்றாகிவிட்ட காலம் இது. ஒரு சுற்றுப்பயணத்தை நம்பி ஒலி, ஒளி, மேடை, வண்டி ஓட்டுநர் எனப் பலருடைய சம்பளம் இருக்கிறது. "நான் நிறுத்தினால் இவர்கள் எல்லாரும் என்ன செய்வார்கள்?" என்ற கேள்வி நோயாளியையே எழுந்து ஓட வைக்கும். கூடவே இருப்பவர்கள் பலர் அவரிடம் சம்பளம் வாங்குபவர்கள். முதலாளியிடம் 'குடிக்காதே' என்று யார் சொல்வது?

4. கூட்டத்துக்கு நடுவே தனிமை: 1,489 ராக், பாப் கலைஞர்களை ஆராய்ந்து 2012-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இங்கே கவனிக்க வேண்டியது. குழுவாக இசைத்தவர்களைவிட, தனியாகப் புகழ்பெற்றவர்கள் இறந்த விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடவே நாலு நண்பர்கள் இருப்பது ஒரு பாதுகாப்பாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கர்ட் கோபேன் போன்றவர்கள் குழுவோடு இருந்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். குழு ஒரு கவசம் அல்ல. வாய்ப்பைக் கொஞ்சம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

5. சிறுவயதுக் காயங்கள்: அதே ஆய்வின் இன்னொரு முடிவு முக்கியமானது. போதை, வன்முறை, தற்கொலை போன்ற காரணங்களால் இறந்த கலைஞர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், சிறுவயதில் குறைந்தது ஒரு பெரிய துயரத்தையாவது சந்தித்தவர்கள். மற்ற காரணங்களால் இறந்தவர்களில் இது கால் பங்குதான். கர்ட் கோபேனின் பெற்றோர் அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது பிரிந்தார்கள். அது தன்னை எவ்வளவு பாதித்தது என்று அவரே பேசியிருக்கிறார். புகழ் எல்லாருக்கும் புதிதாக நோயைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் காயத்தோடு வருபவருக்குப் பணத்தையும் போதையையும் ஒன்றாகக் கையில் கொடுக்கிறது.

பிரபலமாகாதவர்களுக்கும் இதே கதைதான்

'பணமும் பேரும் வந்ததால் வந்த வினை' என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2016-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் இசைத்துறையில் வேலை செய்யும் 2,211 பேரிடம் கேட்டார்கள். 71 சதவீதம் பேர் பதற்றமும் பீதித் தாக்குதலும் உண்டு என்றார்கள். 68.5 சதவீதம் பேர் மனச்சோர்வு இருந்ததாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால், பாதிக்கப்பட்டவர்களே அதிகம் பதில் சொல்லியிருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் இது சின்ன எண்ணிக்கை இல்லை.

காரணம் என்ன? அடுத்த மாதம் வருமானம் வருமா என்று தெரியாது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே கோடு கிடையாது. பாட்டு பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், 'என்னையே பிடிக்கவில்லை' என்று கேட்கும். இசை செய்வது மருந்தாக இருக்கிறது. இசையை வைத்துப் பிழைப்பதுதான் நோயாக மாறுகிறது.

குடியை நிறுத்தியவர் ஏன் இறந்தார்?

ஏமி வைன்ஹவுஸ் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இறப்பதற்கு முன் ஜூலை மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அவர் குடிக்கவில்லை. போதைப் பொருட்களையும் முன்பே விட்டிருந்தார். கொஞ்ச நாள் நிறுத்துவது, திரும்ப ஒரேயடியாகக் குடிப்பது என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அப்படித் திரும்பிய ஓர் இரவில்தான் உயிர் போனது. மரண விசாரணையில் இது மதுவின் நச்சால் நேர்ந்த விபத்து என்று முடிவானது.

தொடர்ந்து குடிப்பவரின் உடல் அந்த அளவுக்குப் பழகிவிடும். சில வாரம் நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய்விடும். பிறகு பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. மூச்சே நின்றுபோகலாம். ஓபியாய்டு வகை போதைப் பொருட்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாட்களை மருத்துவர்கள் மிக ஆபத்தான காலம் என்கிறார்கள். 'நிறுத்திட்டான், இனி பிரச்சனை இல்லை' என்று குடும்பம் மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏமிக்கு இன்னொரு நோயும் இருந்தது. உண்டதை வாந்தி எடுத்துவிடும் புலிமியா. பதின்ம வயதிலேயே தொடங்கிய இந்த உணவுக் கோளாறு அவருடைய உடலை மிகவும் பலவீனமாக்கிவிட்டது என்று அவருடைய அண்ணன் பின்னாளில் சொன்னார். உலகம் அவருடைய குடியைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருந்தது. உணவுக் கோளாறைப் பற்றி யாரும் பேசவில்லை.

கே-பாப்: கமெண்ட் பெட்டியை மூடிய நாடு

தென் கொரியாவில் இந்தப் பிரச்சனைக்கு வேறு முகம் உண்டு. அங்கே சிறுவயதிலேயே நிறுவனங்கள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து மேடை ஏற்றுகின்றன. எடை, உடை, காதல் என எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு இருக்கும். எப்போதும் சிரித்த முகம் வேண்டும்.

ஷைனி குழுவின் ஜோங்ஹ்யுன் 2017 டிசம்பர் 18 அன்று இறந்தார். வயது 27. மனச்சோர்வு தன்னை உள்ளிருந்து தின்றுவருவதாக அவர் எழுதி வைத்திருந்தது வெளியானபோது நாடே அதிர்ந்தது. 2019 அக்டோபரில் எஃப்எக்ஸ் குழுவில் இருந்த சல்லி, 25 வயதில். அடுத்த மாதமே அவருடைய தோழி, காரா குழுவில் இருந்த கூ ஹாரா, 28 வயதில். இருவருமே இணையத்தில் கடும் வசைகளைச் சந்தித்தவர்கள். தன்னைப் பற்றி வரும் மோசமான கமெண்ட்களைக் கலைஞர்களே வாசித்துப் பேசும் ஒரு டிவி நிகழ்ச்சியை இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் சல்லி தொகுத்து வழங்கத் தொடங்கியிருந்தார்.

இதன் பிறகு ஒரு மாற்றம் வந்தது. 2019 அக்டோபர் கடைசியில் டாம் இணையதளமும், 2020 மார்ச்சில் நேவரும் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே இருந்த கமெண்ட் பகுதியையே மூடின. இவை இரண்டும் அந்நாட்டு மக்கள் செய்தி படிக்கும் முக்கியத் தளங்கள். வசை அத்தோடு நின்றுவிடவில்லை; வேறு தளங்களுக்குப் போனது. ஆனாலும், 'பிரபலம் என்றால் வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்' என்ற பேச்சு கேள்விக்குள்ளானது.

வலி இருந்தால்தான் நல்ல கலை வருமா?

'சோகத்தில்தான் நல்ல பாட்டு பிறக்கும்' என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. இளம் வயதில் இறந்த கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் பலமாகிறது. அவர்களுடைய வலிதான் அவர்களுடைய திறமை என்பது போல.

ஆனால் நடந்தது என்ன? ஏமியின் 'பேக் டு பிளாக்' 2006-ல் வந்தது. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த ஐந்து ஆண்டுகளில் இன்னொரு முழு ஆல்பம் வரவில்லை. நோய் அவருக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை, பாட்டைப் பறித்துக்கொண்டது. மனச்சோர்வு கனக்கும்போது எழுதுவது இருக்கட்டும், படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடு. 'சிகிச்சை எடுத்தால் என் கலை போய்விடும்' என்ற பயம் பல கலைஞர்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், போதை அடிமை நிலை மூன்றும் சிகிச்சையால் கட்டுக்குள் கொண்டுவரக்கூடிய நோய்கள்தான்.

கோபேன் இறந்தபோது சியாட்டில் செய்த சரியான காரியம்

1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்த செய்தி வந்ததும், சியாட்டில் நகர மருத்துவர்களுக்கு ஒரு பெரிய பயம் வந்தது. பிரபலம் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அதைப் பார்த்து இளைஞர்களும் அதே முடிவை எடுக்கும் ஆபத்து உண்டு. பல நாடுகளில் நடந்திருக்கிறது.

ஏப்ரல் 10 அன்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அஞ்சலி செலுத்தக் கூடினார்கள். அந்த நிகழ்ச்சியிலேயே, நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவும் மையத்தின் ஆலோசகர் பேசினார். கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் பதிவு செய்து அனுப்பிய பேச்சு ஒலித்தது. அதில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது. அவர் எடுத்த முடிவை அவர் புகழவில்லை. உள்ளூர் ஊடகங்கள் உதவி எண்களைத் திரும்பத் திரும்பச் சொல்லின.

விளைவு? பின்னர் வெளியான ஆய்வு, அடுத்து வந்த வாரங்களில் சியாட்டில் பகுதியில் தற்கொலைகள் கூடவில்லை என்று காட்டியது. ஆனால் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் கூடியிருந்தன. அதாவது, வலியில் இருந்தவர்கள் போனை எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

ஒரு மரணத்தை எப்படிச் சொல்கிறோம் என்பது இன்னொரு உயிரைக் காப்பாற்றலாம். அதனால்தான், இறந்த விதத்தை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், மிகைப்படுத்தாதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களைக் கேட்டுக்கொள்கிறது.

ஒரு பாட்டு 245 உயிர்களைக் காத்ததா?

இசையாலேயே இதற்கு ஒரு பதிலும் வந்திருக்கிறது. அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் 2017-ல் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் தலைப்பே, அன்றைய அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண். வாழ வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர் போன் செய்து, பேசி, மெல்ல மனம் மாறுவதுதான் கதை.

2021-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு இதன் தாக்கத்தைக் கணக்கிட்டது. பாட்டு வெளியானபோதும், பெரிய விருது விழாக்களில் அவர் அதைப் பாடியபோதும் பரபரப்பாகப் பேசப்பட்ட 34 நாட்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் உதவி எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் அதிகம். எதிர்பார்க்கப்பட்டதைவிட 245 தற்கொலைகள் குறைவு. பாட்டு மட்டும்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் மீண்டு வந்தவரின் கதையும் பரவும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இறந்தவர்களின் குடும்பங்கள்தான் முதலில் களத்தில் இறங்கின. ஏமியின் பிறந்த நாளான செப்டம்பர் 14 அன்று, 2011-லேயே, அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. போதையிலிருந்து மீளும் இளம்பெண்கள் தங்க லண்டனில் ஓர் இல்லத்தை அது உருவாக்கியது. அவீச்சியின் பெற்றோர் 2019-ல் மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, இளைஞர்களின் மனநலத்துக்காக வேலை செய்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த அஞ்சலிக் கச்சேரி அதற்காகவே நடத்தப்பட்டது. ஜோங்ஹ்யுனின் குடும்பமும் இளம் கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறது. இசைத்துறையினருக்கு என்றே 24 மணி நேரமும் இயங்கும் உதவி எண் பிரிட்டனில் 2017-ல் வந்தது.

கலைஞர்களும் வாய் திறக்கிறார்கள். 2022-ல் கனடா பாடகர் ஷான் மெண்டிஸ், மனநலத்தைக் காரணம் காட்டி உலகச் சுற்றுப்பயணத்தையே ரத்து செய்தார். அப்போது அவருக்கு 23 வயது. அந்த வயதில் அவீச்சிக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஷான் மெண்டிஸும் கபால்டியும் ஏற்கெனவே பெரிய நட்சத்திரங்கள். ஒரு நிகழ்ச்சி போனாலே வாடகை கட்ட முடியாத சிறிய கலைஞருக்கு அந்த வசதி இன்றும் இல்லை.

பக்கத்தில் ஒருவர் இப்படி இருந்தால் என்ன செய்யலாம்?

இது மேடைக் கலைஞர்களின் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயதுள்ளவர்களின் மரணத்துக்கு இது மூன்றாவது பெரிய காரணம்.

தூக்கம் திடீரென்று மாறுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போவது, 'நான் எல்லாருக்கும் பாரம்' என்பது போலப் பேசுவது, குடி அதிகமாவது, ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. இவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

இதையெல்லாம் பார்த்தால், நேரடியாகக் கேட்கலாம். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. 'அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே' என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கும். அறிவுரை வேண்டாம், 'உனக்கு என்ன குறைச்சல்' வேண்டாம். காது கொடுத்துக் கேட்பதும், தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போவதும் போதும்.

அவீச்சிக்கும் ஏமிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. 'உனக்கு என்ன குறைச்சல்' என்ற அந்தக் கேள்விதான், உள்ளே இருந்த வலியைச் சொல்ல விடாமல் பலரையும் தடுக்கிறது. கிளாஸ்டன்பரியில் கூடியிருந்தவர்கள் அன்று கபால்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவரால் பாட முடியாத இடத்தை அவர்கள் பாடினார்கள்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு சுகாதாரத் துறை உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண்: 14416. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.)